கேத்தி வீட்டு ரேடியேட்டர்களுக்கு இன்னொரு பம்ப்: வயரை எங்கிருந்து எடுப்பது?

கேத்தி டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு நீலகிரி கேத்தியில், சரிவில் கட்டியது. முன்கட்டு மேலே. பின்னால் புதிதாக எடுத்த இரண்டு அறைகள் ஏழெட்டுப் படி கீழே. மாமனாருக்கு மூச்சிரைப்பு உண்டு. சீகை விறகுப் புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதால் பழைய கணப்பை அடைத்துவிட்டு, எல்பிஜியில் தண்ணீரைச் சுடவைக்கும் பாய்லரும் அந்தத் தண்ணீர் சுற்றிவரும் சுவரோர ரேடியேட்டர்களும் வைத்தோம். பாய்லர் 18 கிலோவாட், பம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. முன்கட்டின் ஐந்து ரேடியேட்டர்களும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகின்றன.

பின்கட்டு எடுத்தபோது அதே குழாயில் டீ ஜாயின்ட் போட்டு, அரை அங்குலக் குழாயில் மூன்று ரேடியேட்டர்கள் சேர்த்தோம். அந்த மூன்றும் வெதுவெதுப்போடு நின்றுவிடுகின்றன. மாமனார் இப்போது படுப்பது அந்த அறையில்தான். ஜூலை மழையில் துவைத்த ஸ்வெட்டர் நாள் கணக்கில் காயாத ஊர் இது, ஜனவரியில் புல் மேல் உறைபனி வேறு. அவருக்கு இரண்டு கம்பளி போதவில்லை.

பிளம்பர் இன்னொரு பம்ப் போட வேண்டும் என்கிறார். பாத்ரூம் ஷவருக்கு வைக்கிற அரை ஹெச்பி பிரஷர் பம்ப்பே போதுமாம். எலக்ட்ரிஷியன், பாய்லருக்குள் இருக்கும் பம்ப்பின் முனையிலிருந்தே இரண்டு வயர் இழுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும், வேலை முடிந்தது என்கிறார். அது வேண்டாம் என்றால் பின்கட்டு லைட் லைனில் ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுப்பாராம். எனக்கு இரண்டுமே மனசுக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நான் கணக்கு டீச்சர், கரண்ட் என் பாடம் இல்லை. அறைச் சூட்டைப் பார்த்துத் தானாகப் போட்டு அணைக்கும் ரூம் தெர்மோஸ்டாட் எதுவும் எங்களிடம் கிடையாது. பாய்லர் முகப்பு ஸ்விட்ச்சில் நாங்களே போட்டு அணைக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டக்கானல்காரன் எழுதியது:

டீச்சர், பம்ப் வாங்கும் முன் செலவில்லாத இரண்டு காரியம். ஒன்று, பின்கட்டு ரேடியேட்டர் ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, தண்ணீர் வரும்வரை காற்றை விடுங்கள். இரண்டு, முன்கட்டு ரேடியேட்டர்களில் தண்ணீர் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பக்கத்தில் மூடி போட்ட வால்வு இருக்கும். பாய்லருக்குக் கிட்டே இருப்பதை நன்றாகக் குறைத்து, தள்ளித் தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வையுங்கள். தண்ணீர் சுலபமான வழியில்தான் போகும். முன்கட்டில் ஐந்தும் முழுசாகத் திறந்து கிடந்தால் பின்கட்டுக்கு ஏன் வரப்போகிறது?

என் வீட்டில் விறகு அடுப்புக்குப் பின்னால் பாய்லர், மேலே திறந்த தொட்டி. அந்த மாதிரி இருந்தால் வயரிங்கே வேறு. கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். விறகை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது. அதனால் அடுப்பு சூடாக இருக்கும்வரை பம்ப் ஓடியே ஆக வேண்டும் என்று குழாயில் கட்டிய தெர்மோஸ்டாட்டில் கொடுத்திருக்கிறேன். கரண்ட் போனால் தானாகவே தண்ணீர் சுற்றும்படி மேலே ஒரு ரேடியேட்டர் வால்வே இல்லாமல் இருக்கிறது. கேஸ் பாய்லருக்கு இந்தத் தலைவலி இல்லை.

கேத்தி டீச்சர்:

நன்றி. இரண்டையும் செய்து பார்த்தேன். காற்று கொஞ்சம்தான் வந்தது. முன்கட்டில் மூன்றை மூடிவிட்டால் பின்கட்டு மூன்றும் அருமையாகச் சூடாகின்றன. ஆக குழாயில் அடைப்பு இல்லை. எல்லாவற்றையும் அளவாகக் குறைத்து வைத்தபோது பின்கட்டு பரவாயில்லை, ஆனால் ஹாலில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இன்னொன்றும் கவனித்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் முன்கட்டுக்குச் சூடே தேவையில்லை, எல்லோரும் கம்பளிக்குள். மாமனார் அறைக்கு மட்டும் விடியும்வரை வேண்டும். இப்போது அவருக்காக வீடு முழுக்க கேஸ் எரிகிறது.

குன்னூர் பழைய எலக்ட்ரிஷியன் எழுதியது:

டீச்சரம்மா, கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பம்ப்பின் பலம் போதவில்லை என்பது சின்ன விஷயம். முன்கட்டுக்கு ஒரு நேரம், பின்கட்டுக்கு ஒரு நேரம் என்பதுதான் பெரிய விஷயம். அதனால் இரண்டாவது பம்ப் எவ்வளவு தள்ளும் என்று கேட்காதீர்கள். அது யார் சொன்னால் ஓடும், யார் சொன்னால் நிற்கும்? வயரிங் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில்தான்.

நான் டீ ஃபேக்டரியில் வித்தரிங் ஃபேன், ட்ரையர் மோட்டார் என்று பார்த்து ரிடையர் ஆனவன். இப்போது குன்னூர், ஊட்டி பங்களாக்களில் இந்த ஹீட்டிங் வேலை வந்தால் போவேன்.

முதலில் அந்த அரை ஹெச்பி பம்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது தண்ணீரை மேலே ஏற்றுவதற்கானது. மூடிய குழாய்ச் சுற்றில் தண்ணீரை ஏற்ற வேண்டியதே இல்லை. ஒரு பக்கம் எவ்வளவு இறங்குகிறதோ மறுபக்கம் அவ்வளவு ஏறிவிடும், குழாயின் உராய்வை மட்டும் வென்றால் போதும். உங்கள் பின்கட்டு கீழே இருப்பதும் இதனால் பிரச்சினை இல்லை. வேண்டியது ஹீட்டிங்குக்கென்றே வரும் சர்க்குலேட்டர் பம்ப். 25-60 என்று எழுதியிருக்கும், அதாவது 25 மில்லிமீட்டர் வாய், 6 மீட்டர் ஹெட் (தள்ளும் பலம்). பல்பு எடுக்கிற அளவுதான் கரண்ட் எடுக்கும். அதன் ரோட்டாரே தண்ணீருக்குள் சுற்றுவது, அதனால் அச்சு படுக்கை வாட்டில் இருக்க வேண்டும். நட்டுக்குத்தலாக மாட்டினால் பேரிங் சீக்கிரம் போகும். வயர் பெட்டி அடியில் தொங்கக் கூடாது, ஒரு சொட்டு கசிந்தாலும் அதற்குள்தான் விழும்.

பாய்லருக்குள் இருக்கும் பம்ப் முனையிலிருந்து வயர் இழுப்பது வேண்டவே வேண்டாம். அந்த பம்ப்பை ஓட்டுவது பாய்லரின் எலக்ட்ரானிக் போர்டு. அதன் ரிலே (கரண்ட்டால் தானாகச் சேர்ந்து பிரியும் ஸ்விட்ச்) அந்த ஒரு பம்ப்புக்கென்று கணக்குப் பண்ணி வைத்தது. புது மாடல்களில் வேகத்தையும் போர்டே கூட்டிக் குறைக்கும். பல பாய்லர்கள் பம்ப் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நாளுக்கு ஒரு தடவை தாமாகவே கொஞ்ச நேரம் சுற்றிவிடும். உங்கள் இரண்டாவது பம்ப்பும் அதோடு சேர்ந்து ஓடும், யாருக்கும் ஏன் என்று புரியாது. போர்டு போனால் கியாரண்டியும் போகும். எல்லாவற்றுக்கும் மேல், பின்கட்டுக்கு மட்டும் தனியாக என்ற உங்கள் தேவை இதில் நிறைவேறவே நிறைவேறாது.

லைட் லைனில் ஸ்விட்ச் வைப்பது இதைவிட மோசம். பாய்லர் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி பிளம்பர் பம்ப்பைக் கழற்றுவார். பம்ப்பில் லைட் லைன் கரண்ட் இருந்துகொண்டிருக்கும். ஹீட்டிங்கில் எதைத் தொட வேண்டுமென்றாலும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் ஒரே ஒரு டபுள் போல் ஸ்விட்ச்சை அணைத்தால் பாய்லர், பம்ப்கள், தெர்மோஸ்டாட் எல்லாமே செத்துப்போக வேண்டும்.

நான் செய்யும் முறை இது. பாய்லருக்குப் பக்கத்தில் அந்த டபுள் போல் ஸ்விட்ச். அதற்கு மேலே போர்டில், கரண்ட் அளவு மீறினால் விழும் 6 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஸ்விட்ச்சிலிருந்து ஒரு பெரிய ஜங்ஷன் பாக்ஸ், எல்லா வயரும் அங்கே வந்துதான் பிரிய வேண்டும். சுவர்க்குள் ஒளிந்த ஜாயின்ட் ஒன்றுகூடக் கூடாது. முன்கட்டுக்கு ஒரு தெர்மோஸ்டாட், பின்கட்டுக்கு ஒன்று. பின்கட்டு தெர்மோஸ்டாட் குளிர் என்று சொன்னால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். பின்கட்டு பம்ப் ஓட வேண்டும், பாய்லரும் எரிய வேண்டும். முன்கட்டும் அப்படியே.

இங்கேதான் பலர் இரண்டு தெர்மோஸ்டாட்டின் வயரையும் பாய்லர் முனையில் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். முறுக்கினால் முன்கட்டு தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் கரண்ட் பின்வாசல் வழியாகப் பின்கட்டு பம்ப்புக்கும் போய்விடும். எந்த அறை குளிர்ந்தாலும் இரண்டும் ஓடும். பிறகு தெர்மோஸ்டாட் கெட்டுப்போச்சு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நடுவில் ரிலே வைத்துப் பிரிக்க வேண்டும்.

8 பின் ரிலேயும் அதன் பேஸும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், அதை இயக்கும் கம்பிச் சுருளான காயில் 230 வோல்ட் ஏசி என்று பார்த்து வாங்குங்கள். 2, 7 எண் பின்கள் காயிலுக்கு. 1-3 ஒரு கான்டாக்ட் ஜோடி, 8-6 இன்னொரு ஜோடி, காயிலில் கரண்ட் ஏறினால்தான் சேரும். ஒரு ஜோடியில் பம்ப், மறு ஜோடியில் பாய்லர் என்று ஒரே ரிலேயில் முடிக்கலாம், பலர் முடிக்கிறார்கள். பாய்லரின் தெர்மோஸ்டாட் முனையில் பெரும்பாலும் குறைந்த வோல்ட்தான் இருக்கும். அதுவும் 230 வோல்ட்டும் ஒரே பேஸில் நெருங்கி ஓடுவது எனக்குப் பிடிக்காது. பம்ப்புக்கு ஒன்று, பாய்லருக்கு ஒன்று, காயில்களை இணையாகக் கொடுத்துவிடுவேன். பாய்லருக்குப் போகும் கான்டாக்ட்டில் வெளிக் கரண்ட் எதுவும் தொடக் கூடாது, அந்த இரண்டு முனையைச் சேர்த்துப் பிரிப்பது மட்டும்தான் வேலை. 230 வோல்ட் போய்விட்டால் போர்டு அந்த நொடியே காலி. பல மாடல்களில் அந்த முனைகளுக்கு நடுவே கம்பெனியே ஒரு சின்னக் கம்பி போட்டு அனுப்பியிருக்கும். அதை எடுக்காவிட்டால் நீங்கள் என்ன தெர்மோஸ்டாட் வைத்தாலும் பாய்லர் சட்டையே பண்ணாது. எந்த முனை என்பதைப் பாய்லரோடு வந்த புத்தகத்தில் பார்த்துத்தான் தொட வேண்டும்.

ரிலே கான்டாக்ட்டைக் கொஞ்சம் தாராளமாக எடுங்கள், 10 ஆம்பியர். எலக்ட்ரானிக் பம்ப் ஓடும்போது எடுப்பது சொற்பம், ஆன் ஆகும் கணத்தில் இழுப்பது அதிகம். சின்ன கான்டாக்ட் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும்.

பம்ப்புக்குப் போகும் கடைசி ஒரு முழ வயர் சூடு தாங்கும் சிலிக்கான் வயராக இருக்கட்டும். சாதாரண பிவிசி வயர் 70 டிகிரிக்குத்தான். உங்கள் குழாய் அதைத் தாண்டும். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். குழாயில் வழியும் ஈரம் அந்த வளைவில் சொட்டிவிடும். எர்த் இல்லாமல் ஒரு பம்ப்பும் வேண்டாம்.

சிலிண்டர் வைத்திருக்கும் மூலையில் இந்தப் பெட்டியை மாட்டாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ரிலே ஒவ்வொரு தடவையும் சின்னதாகப் பொறி விடும்.

கோவை ஹீட்டிங் இன்ஜினியர் எழுதியது:

மேலே பெரியவர் சொன்ன வயரிங்கில் மாற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழாய்ப் பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

மூன்று ரேடியேட்டருக்கும் சேர்த்து 4.5 கிலோவாட் என்று வைத்தால், போகும்போது 75, திரும்பும்போது 55 டிகிரி என்ற கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 3.2 லிட்டர் ஓட்டம் போதும். கணக்கு டீச்சர் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன ஓட்டத்துக்கு பம்ப்பை இருக்கிற குழாயில் வரிசையாகச் செருகினால் பாய்லர் பம்ப்போடு மல்லுக்கட்டும். ஒரே வாய்க்காலில் இரண்டு பேர் மடை திருப்பின கதைதான். பின்கட்டு பம்ப் ஓடும்போது முன்கட்டில் தண்ணீர் பின்னோக்கிக்கூட ஓடலாம்.

அதனால் பாய்லரை ஒட்டி ஒரு ஹெடர் வையுங்கள். பருத்த, நிமிர்ந்த குழாய்த்துண்டுதான் அது. ஒரு பக்கம் பாய்லர், மறுபக்கம் உங்கள் இரண்டு சுற்றுகள். பாய்லர் பம்ப் தன் தண்ணீரை ஹெடர் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்கட்டு பம்ப்பும் பின்கட்டு பம்ப்பும் தங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், ஒன்றின் அழுத்தம் மற்றதைத் தொடாது. எரிவது நின்ற பிறகும் பாய்லர் தன் சூட்டை வெளியேற்ற கொஞ்ச நேரம் பம்ப்பை ஓட்டும், அதற்கும் ஹெடரே வழி கொடுத்துவிடும். ஆமாம், இப்படிச் செய்தால் வாங்க வேண்டியது ஒன்றல்ல, இரண்டு பம்ப். ஒவ்வொன்றுக்கும், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் நிற்கும் சுற்றுக்குள்ளும் சுடுதண்ணீர் புகுந்து, முன்கட்டு ரேடியேட்டர்கள் ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் கிடக்கும், நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த கேஸ் அங்கே போகும்.

கேஸ் என்றதும் ஒன்று. எல்பிஜி ஒரு கிலோவில் சுமார் 12.8 கிலோவாட்-மணி சூடு. 14.2 கிலோ சிலிண்டரில் 180 சொச்சம். 18 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. டிசம்பர் ராத்திரியில் ஒற்றை சிலிண்டர் அவ்வளவு வேகமாகக் கேஸை விடாது. அதில் உள்ள பியூட்டேன் கொதிப்பதே பூஜ்யத்துக்கு ஒட்டிய டிகிரியில். முதலில் புரொப்பேன் போய்விடும், அடியில் மிஞ்சுவது குளிரில் எழும்பாது. சிலிண்டர் வெளியில் பனி பூத்து ஜுவாலை தொய்ந்தால், எத்தனை பம்ப் வைத்தும் பயனில்லை. அதிகாலையில் பாய்லரிலிருந்து கிளம்பும் குழாயே சூடு குறைந்திருந்தால் சந்தேகம் அந்தப் பக்கம். டீலரிடம் கேட்டு சிலிண்டர்களை முறைப்படி இணைக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுகிற வழக்கம் வேண்டாம்.

கேத்தி டீச்சர்:

3.2 சரியாகத்தான் வருகிறது, போட்டுப் பார்த்தேன்! இரண்டு பம்ப் என்றதும் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அரை ஹெச்பியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டதால் கொஞ்சம் சமாதானம்.

குன்னூர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்களுக்கு மூன்று ஃபேஸ் லைன். ஒரு ஃபேஸ் போனால் மாற்றிப் போட சுழல் ஸ்விட்ச் வைத்திருக்கிறோம், மழைக்காலத்தில் அதற்கு நிறைய வேலை. இன்வெர்ட்டரும் இருக்கிறது. மாமனார் அறைச் சூடு மட்டும் கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்கப் பின்கட்டு பம்ப்பை இன்வெர்ட்டரில் கொடுக்கலாமா?

குன்னூர் பழைய எலக்ட்ரிஷியன்:

பம்ப்பை மட்டும் கொடுத்துப் பயன் என்ன டீச்சரம்மா? பாய்லர் செத்துக் கிடந்தால் பம்ப் குளிர்ந்த தண்ணீரைத்தான் சுற்றும். கொடுப்பதானால் ஹீட்டிங் மொத்தத்தையும் கொடுங்கள், அந்த டபுள் போல் ஸ்விட்ச்சுக்கு வரும் லைனையே இன்வெர்ட்டரிலிருந்து எடுங்கள். பாய்லர் போர்டும் மூன்று பம்ப்பும் சேர்ந்து எடுப்பது சில நூறு வாட்தான். இன்வெர்ட்டர் மட்டும் சைன் வேவாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் ஆனால் பம்ப் உறுமும், சூடாகும், பாய்லர் போர்டும் அடம் பிடிக்கும்.

மூன்று ஃபேஸ் என்பதால் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஹீட்டிங் பெட்டிக்குள் ஒரே ஒரு ஃபேஸ்தான் வர வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு ஃபேஸ், பம்ப்புக்கு இன்னொரு ஃபேஸ் என்று கலந்துவிட்டால் அந்தப் பெட்டிக்குள் இரண்டு வயருக்கு நடுவே 400 வோல்ட் நிற்கும். உங்கள் சுழல் ஸ்விட்ச் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனியாக இருந்தால், இன்று ஒரே ஃபேஸில் இருப்பது நாளை மழையில் வேறாகிவிடும். லைட் லைன் வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம்.

நியூட்ரலும் அதே இடத்திலிருந்து வர வேண்டும். ஃபேஸ் இன்வெர்ட்டர் லைனில், நியூட்ரல் வேறு ஆர்சிசிபி வழியில் என்று இருந்தால், பம்ப் ஓட ஆரம்பித்ததும் ஆர்சிசிபி விழும். எலக்ட்ரிஷியன்கள் பம்ப்பில் லீக் என்று சொல்லிப் புது பம்ப் வாங்க வைப்பார்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போதும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரிஷியனைப் பணம் கொடுத்து அனுப்பும் முன் அவர் எதிரிலேயே பாருங்கள். இரண்டு தெர்மோஸ்டாட்டையும் இறக்கி வைத்தால் உங்கள் இரண்டு பம்ப்பும் நிற்க வேண்டும், பாய்லர் எரியக் கூடாது. பின்கட்டை மட்டும் ஏற்றினால் பின்கட்டு பம்ப்பும் பாய்லரும் மட்டும். முன்கட்டு பம்ப்பில் கை வைத்தால் அதிர்வே இருக்கக் கூடாது. பிறகு முன்கட்டை மட்டும், அப்புறம் இரண்டையும். இரண்டும் ஓடும்போது ஒன்றை இறக்கினால் பாய்லர் தொடர்ந்து எரிய வேண்டும், மற்ற பம்ப் நிற்கக் கூடாது. கடைசியாக டபுள் போல் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, பெட்டியில் உள்ள ஒவ்வொரு முனையையும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதிலாவது லைட் எரிந்தால் வேலை முடியவில்லை. லைசென்ஸ் உள்ள வயர்மேன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தெர்மோஸ்டாட்டை மாமனார் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், ரேடியேட்டருக்குத் தள்ளி, ஜன்னல் குளிர் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். அந்த அறை ரேடியேட்டரில் தானாக மூடும் வால்வு இருந்தால் முழுசாகத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் வால்வும் தெர்மோஸ்டாட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

கேத்தி டீச்சர்:

அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். ரிலே சத்தம் ராத்திரியில் கேட்குமா ஐயா? மாமனாருக்குத் தூக்கம் லேசு.

குன்னூர் பழைய எலக்ட்ரிஷியன்:

டக் என்று ஒரு சத்தம் வரும். பெட்டியைப் பாய்லர் இருக்கும் இடத்திலேயே வைத்தால் அவர் அறைக்குக் கேட்காது. பம்ப்பைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பில் மட்டும் ரப்பர் வைக்கச் சொல்லுங்கள், முனகல் குழாய் வழியாகத்தான் போகும். வெயில் மாதங்களிலும் எப்போதாவது இரண்டு தெர்மோஸ்டாட்டையும் ஏற்றி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். சும்மா கிடந்த பம்ப் முதல் மழையன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.